மிதிவண்டியும் பற்சக்கர அளவும்

மாந்தர் தம் உடல்வலி ஒன்றையே துணையாகக் கொண்டு விரைந்து செல்லுதற்கு அமைத்துக்கொண்ட ஊர்திகளுள் மிதிவண்டி தலைசிறந்ததாகும். அதற்கு எண்ணெய் எரிக்க வேண்டுவதில்லை. புல்லும் வைக்கோலும் இட வேண்டுவதில்லை. ஏறி அமர்ந்தவன் கால்களே அதனை இழுக்கும் காளைகள். ஆயினும், காளையின் வலியறிந்து கட்டை வண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்தவருள்ளும், தம் காலின் வலியறிந்து மிதிவண்டியைத் திருத்திக்கொள்ளத் தெரிந்தவர் சிலரே. கடையில் வாங்கிய நாளில் வண்டி எவ்வாறு இருந்ததோ, அவ்வாறே பல்லாண்டு ஓட்டுவர். மேட்டில் மூச்சு இரைத்தால், தம் முதுமையையோ உடல் மெலிவையோ நொந்துகொள்வர். குறை உடலில் இல்லாது பற்சக்கரத்தின் அளவில் இருத்தலும் கூடும் என்று அவர் எண்ணுவதில்லை.

மிதிவண்டிகளுள் சில, ஓடும்போதே சங்கிலியை ஒரு பற்சக்கரத்தினின்று மற்றொன்றிற்கு மாற்றும் கருவியை உடையன. ஆனால், சுமை ஏற்றிப் பிழைக்கும் எளியவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒற்றை வேக வண்டியே. அதில் முன்னே ஒரு பற்சக்கரம். பின்னே ஒரு பற்சக்கரம். இரண்டையும் பிணைப்பது ஒரு சங்கிலி. மிதிகட்டையை மிதித்தால் முன்பற்சக்கரம் சுழலும், சங்கிலி பின்பற்சக்கரத்தை இழுக்கும், பின்சக்கரம் உருளும். இவ்விரு பற்சக்கரங்களின் அளவுக்கு இடையே உள்ள விகிதத்தை ஓடும்போது மாற்ற இயலாது. எனினும், வண்டியை நிறுத்திப் பற்சக்கரத்தையே மாற்றுதல் இயலும். அவ்வாறு மாற்றுவதால் பெறுவது யாது, இழப்பது யாது என்பதை அறிந்தே மாற்றுதல் வேண்டும்.

சங்கிலி தோன்றுதற்கு முன்னர் மிதிவண்டி வேறு வடிவில் இருந்தது. 1870-ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் இங்கிலாந்தில் ஓடிய வண்டிகளின் முன்சக்கரம் ஓர் ஆளின் மார்பளவு உயர்ந்திருந்தது. பின்சக்கரம் மிகச் சிறியது. மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. ஆதலின், கால் ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறையே சுற்றும். மிகுந்த தொலைவு செல்ல விரும்பியவன் மிகப் பெரிய சக்கரத்தை நாடினான். ஆனால், சக்கரத்தின் பெருமைக்குக் காலின் நீளமே எல்லையாயிற்று. கால் எட்டாத சக்கரத்தை மிதிப்பது எங்ஙனம்? அன்றியும், அத்துணை உயரத்தினின்று தலைகுப்புற வீழ்ந்து புண்பட்டவர் பலர். இவ்வகை வண்டிகளைச் செய்து புகழ்பெற்றவர் ஜேம்சு ஸ்டார்லி என்பவர்.

அவருடைய உடன்பிறந்தார் மகனாகிய ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவரே அப்பெருஞ்சக்கரத்திற்கு முடிவு கட்டினார். 1885-ஆம் ஆண்டில் காவென்றி நகரில் அவர் வெளியிட்ட ‘ரோவர்’ என்னும் வண்டி, சக்கரங்களைத் தாழ்த்தி, மிதிகட்டைகளை இரண்டு சக்கரங்களுக்கும் இடையே அமைத்து, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கியது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1880-இல், மான்செஸ்டரில் ஆன்சு ரெனால்டு என்பவர் உருளை பொருத்திய உறுதியான சங்கிலியைக் கண்டிருந்தார். இவ்வாறு காலுக்கும் சக்கரத்திற்கும் இடையே சங்கிலி புகுந்த பின்னர், கால் ஒருமுறை சுற்றச் சக்கரம் இருமுறையோ மும்முறையோ சுற்றுமாறு அமைத்தல் எளிதாயிற்று. சக்கரத்தின் உயரத்தைக் கூட்டாமலே அதன் ஓட்டத்தைக் கூட்டும் வழி இதுவே.

இவ்விகிதத்தைக் கணக்கிடுதல் மிக எளிது. முன்பற்சக்கரத்தின் பற்களை எண்ணுக. பின்பற்சக்கரத்தின் பற்களையும் எண்ணுக. முன்னதைப் பின்னதால் வகுக்க. எண்ணும்போது தொடங்கிய பல்லின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு குறியிட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள வண்டி ஒன்றைக் கொள்க. 44-ஐ 18-ஆல் வகுக்க ஏறத்தாழ 2.44 வரும். அஃதாவது, கால் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். சக்கரத்தின் விட்டம் 70 சென்டிமீட்டர் எனின், சுற்றளவு 220 சென்டிமீட்டர், அஃதாவது 2.2 மீட்டர். இதனை விகிதத்தால் பெருக்க, ஒரு சுற்று மிதியில் வண்டி செல்லும் தொலைவு 5.38 மீட்டர் என்பது பெறப்படும். சங்கிலியின்றி இத்தொலைவைப் பெற வேண்டுமாயின் 171 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் வேண்டும். அதன்மேல் இருபுறமும் காலிட்டு மிதிக்க வல்லார் யார்?

முன்பற்சக்கரத்தை மாற்றாது, பின்பற்சக்கரத்தை மட்டும் மாற்றினால் வரும் வேறுபாட்டைக் காண்க. பின்னே 16 பற்களாயின் ஒரு சுற்றுக்கு 6.05 மீட்டர்; 18 ஆயின் 5.38 மீட்டர்; 20 ஆயின் 4.84 மீட்டர், 22 ஆயின் 4.40 மீட்டர். பின்னே பற்கள் பெருகப் பெருகத் தொலைவு குறைகின்றது. குறையக் குறையத் தொலைவு கூடுகின்றது. அங்ஙனமாயின் பற்களைக் குறைத்துத் தொலைவைக் கூட்டிக்கொள்வதே அறிவுடைமை அன்றோ எனின், அன்று. தொலைவு கூடும் அளவிற்கு மிதிக்கும் பளுவும் கூடும்.

காய்கறிக் கூடையை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சந்தைக்குச் செல்லும் உழவர் ஒருவரை எண்ணிப் பார்க்க. அவர் உடல் 55 கிலோ. வண்டி 20 கிலோ. கூடை 25 கிலோ. ஆக 100 கிலோ. வழியில் ஒரு மேடு. 100 மீட்டர் சென்றால் 5 மீட்டர் உயரும் மேடு அது. அம்மேட்டில் வண்டி பின்னோக்கி உருளாது முன்னேறுதற்குச் சக்கரம் தரையை ஏறத்தாழ 5 கிலோ எடைக்கு ஒத்த விசையால் தள்ளுதல் வேண்டும். காற்றின் தடையும் உராய்வும் இதன்மேல் வருவன. மிதிகட்டையைத் தாங்கும் கிராங்கின் நீளம் 17 சென்டிமீட்டர் எனின், கால் ஒரு சுற்றில் செல்லும் வழி 107 சென்டிமீட்டர். அதே நேரத்தில் வண்டியோ 538 சென்டிமீட்டர் செல்கின்றது. கால் ஒரு பங்கு செல்ல வண்டி ஐந்து பங்கு செல்கின்றது. ஆதலின், தரையில் 5 கிலோ விசை வேண்டுமாயின் மிதிகட்டையில் அதனைப்போல் ஐந்து மடங்கு, அஃதாவது 25 கிலோ விசை இடுதல் வேண்டும்.

இது சராசரிக் கணக்கே. மிதிகட்டை உச்சியிலும் அடியிலும் நிற்கும் நொடிகளில் காலின் அழுத்தம் பெரிதும் பயன்படுவதில்லை. எனவே, இடைப்பட்ட நொடிகளில் அவர் இன்னும் மிகுதியாக அழுத்த வேண்டியவர் ஆகின்றார். தம் உடல் எடையில் ஏறக்குறையப் பாதியை ஒவ்வொரு மிதிக்கும் ஓயாது இடுதல் எத்துணை நேரம் இயலும்? பாதி மேட்டில் முழங்கால் நோக, அவர் இறங்கி வண்டியைத் தள்ளத் தொடங்குவார். தள்ளிச் செல்வதற்குள் பொழுது ஏறும், சந்தை கூடிவிடும், கீரை வாடும், விலை தாழும். ஒரு பற்சக்கரத்தின் அளவு ஒரு குடும்பத்தின் அன்றைய வருவாயைத் தொடுகின்றது என்பதை இங்கே உணர்தல் வேண்டும்.

இனி, அவ்வுழவர் 18 பற்களுள்ள பின்பற்சக்கரத்தை நீக்கி 22 பற்களுள்ளதைப் பொருத்தினார் எனக் கொள்க. இப்போது ஒரு சுற்றில் வண்டி செல்வது 440 சென்டிமீட்டர். கால் செல்வது முன்போல் 107 சென்டிமீட்டரே. காலின் வழியைப்போல் வண்டியின் வழி நான்கு மடங்கு சொச்சம். ஆதலின், அதே மேட்டில் மிதிகட்டைமேல் இட வேண்டிய விசை 25 கிலோவினின்று ஏறத்தாழ இருபதரைக் கிலோவாகக் குறைகின்றது. ஒவ்வொரு மிதிக்கும் நாலரைக் கிலோ மிச்சம். ஆனால், முன்னர் 100 மீட்டர் செல்லப் பதினெட்டரைச் சுற்று மிதித்தவர், இப்போது இருபத்திரண்டே முக்கால் சுற்று மிதிக்க வேண்டும். விசையையும் சுற்றையும் பெருக்கிப் பார்த்தால், இரண்டு நிலையிலும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

பொறியியலின் அடிப்படை நெறிகளுள் ஒன்று இதனுள் அடங்கியுள்ளது. விசையில் பெற்ற ஊதியத்தைத் தொலைவில் இழக்க வேண்டும். தொலைவில் பெற்ற ஊதியத்தை விசையில் இழக்க வேண்டும். எப்பொறியும் இல்லாத வலியைப் படைத்துத் தருவதில்லை. உள்ள வலியை வேண்டிய வகையில் பங்கிட்டுத் தருகின்றது. இரண்டு மரக்கால் நெல்லை ஒருமுறையில் தூக்க இயலாத சிறுவன், ஒவ்வொரு மரக்காலாக இருமுறை சுமந்து வீடு சேர்க்கின்றான். நெல்லின் அளவு குறையவில்லை. ஆயினும் சிறுவன் தளரவில்லை. 22 பற்களின் பயனும் அத்தகையதே.

இதற்கு மறுதலையும் உண்டு. மேடில்லாத சமவெளியில் சுமையின்றிச் செல்பவருக்கு 22 பற்கள் ஏற்றவை ஆகா. நிமிடத்திற்கு 60 சுற்று மிதிப்பவர் 22 பற்களோடு மணிக்கு 16 கிலோமீட்டரும், 18 பற்களோடு 19 கிலோமீட்டருக்குச் சற்று மேலும், 16 பற்களோடு ஏறக்குறைய 22 கிலோமீட்டரும் செல்வார். பளு இல்லாத இடத்தில் பெரிய பின்பற்சக்கரத்தை உடையவர், கால்கள் வீணே விரைந்து சுழல, வண்டி மெல்லச் செல்வதைக் காண்பார். எனவே, நன்று இது தீது இது என்று பற்சக்கரத்தைத் தனியே வைத்துக் கூறுதல் இயலாது. செல்லும் வழி, சுமக்கும் பாரம், எதிர்க்கும் காற்று, மிதிப்பவரின் வலி ஆகிய நான்கையும் சீர்தூக்கியே அளவு துணிதல் வேண்டும்.

வலிமை மிக்க வீரர்க்கும் இக்கணக்கினின்று விலக்கு இல்லை என்பதற்குப் பிரான்சு நாட்டுப் பந்தயம் சான்றாகும். அந்நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் 1903-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனை நடத்திய ஆன்றி தெகிராஞ்சு என்பவர், வெற்றி வீரனின் தசைவலியால் வர வேண்டுமேயன்றிக் கருவியின் துணையால் வருதல் ஆகாது என்னும் கொள்கை உடையவர். 1910-ஆம் ஆண்டு சூலை 21-ஆம் நாள், லூசோன் என்னும் ஊரினின்று பயோன் என்னும் ஊருக்கு 326 கிலோமீட்டர் செல்லுமாறு வீரர்கள் பணிக்கப்பட்டனர். இடையே பிரனீசு மலையின் கணவாய்கள் கிடந்தன. அவற்றுள் தூர்மலே என்பதன் உயரம் 2,115 மீட்டர். அன்றைய வெற்றியைப் பெற்ற ஆக்டேவ் லாப்பீசு என்பவரும், அக்கணவாயில் சிறிது தொலைவு இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். இறங்காது மிதித்தே ஏறிய குஸ்தாவ் காரிகு என்பவருக்குத் தனிப் பரிசு வழங்கப்பட்டது. நாட்டிலேயே சிறந்த கால்வலி படைத்தவரும் நடந்தார் எனின், மேட்டில் இறங்கித் தள்ளும் உழவர் நாணுதற்கு யாதுமில்லை.

அப்பந்தயத்தில் ஓடும்போதே பற்சக்கரம் மாற்றும் கருவி 1937-ஆம் ஆண்டில்தான் வீரர்களுக்கு இசைவளிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அவர்கள் கையாண்ட முறை எளியது. ஆனால் அறிவு நிறைந்தது. பின்சக்கரத்தின் குடத்தில் வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக அளவு வேறுபட்ட இரண்டு பற்சக்கரங்களைப் பொருத்தினர். மலையடிவாரம் வந்ததும் இறங்குவர். மரைகளைத் தளர்த்திச் சக்கரத்தைக் கழற்றுவர். இடவலம் மாற்றித் திருப்பிப் பூட்டுவர். பெரிய பற்சக்கரத்தின்மேல் சங்கிலியை ஏற்றி மலை ஏறுவர். உச்சியை அடைந்ததும் மீண்டும் சக்கரத்தைத் திருப்பிக்கொள்வர். எங்கே இறங்கி மாற்றுவது என்று அறிந்து மாற்றுவதும் பந்தயத் திறன்களுள் ஒன்றாக இருந்தது.

ஒற்றை வேக வண்டியின் விகிதத்தை மாற்ற விரும்புவோர் முன்பற்சக்கரத்தை மாற்றலாமா, பின்பற்சக்கரத்தை மாற்றலாமா என்பதை முதலில் துணிதல் வேண்டும். 44 பற்களுள் நான்கைக் குறைத்து 40 ஆக்குவதும், 18 பற்களோடு இரண்டைக் கூட்டி 20 ஆக்குவதும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருவன. சிறிய சக்கரத்தில் ஒரு பல்லின் மாற்றம் பெரிது. பெரிய சக்கரத்தில் ஒரு பல்லின் மாற்றம் சிறிது. முன்பற்சக்கரத்தை எடுத்தற்குக் கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் ஆணியைத் தட்டிக் கழற்றுதல் வேண்டும், விலையும் மிகுதி. ஆதலின், கடைக்காரர் ‘பிரீவீல்’ என்று வழங்கும் பின்பற்சக்கரத்தை மாற்றுதலே பெரும்பாலும் ஏற்றதாகும்.

பிரீவீல் குடத்தின்மேல் மரையால் திருகப்பட்டிருக்கும். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது மேலும் இறுகும். பல்லாண்டு மிதித்த வண்டியில் கல்போல் இறுகியிருக்கும். அதனைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற முயல்வோர் குடத்தையே கெடுப்பர். பிரீவீலின் முகத்தில் உள்ள வெட்டுகளில் பொருந்தும் கருவி ஒன்று உண்டு. அதனை வெட்டுகளில் பொருத்தி, நழுவாதவாறு அச்சின் மரையால் மெல்லப் பிணைத்து, கருவியைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, சக்கரத்தை இடப்புறமாகத் திருப்புதல் வேண்டும். சக்கரத்தின் விளிம்பே நெம்புகோலாகப் பயன்படும். சற்று நெகிழ்ந்தவுடன், பிணைத்த மரையைத் தளர்த்திக்கொண்டு மேலும் திருப்புக. புதியதைப் பொருத்துமுன் குடத்தின் மரையைத் துடைத்துப் பசைநெய் தடவுதல் வேண்டும். முதற் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுக. கோணலாக ஏறிய மரை குடத்தைப் பாழாக்கும்.

அடுத்துச் சங்கிலியைக் கவனிக்க. சங்கிலியின் கண்ணிகள் அரை அங்குலத்திற்கு ஒன்றாக அமைந்தவை. பற்சக்கரத்தின் ஏறத்தாழ அரைச் சுற்றையே அது தழுவும். பின்னே நான்கு பற்கள் கூடினால், சங்கிலியின் தேவை ஓர் அங்குலம் கூடும். அதனை இருவகையில் ஈடு செய்யலாம். பின்கவையின் பிளவில் இடம் இருப்பின், அச்சை அரை அங்குலம் முன்னே தள்ளுக. இடம் இல்லையாயின், ஓர் அங்குலச் சங்கிலியைக் கூட்டுக. சக்கரம் பழைய இடத்திலேயே நிற்கும். பழைய சங்கிலி தேய்ந்துள்ளதா என்பதையும் அளந்தறிதல் நன்று. புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்கும். அவை பன்னிரண்டே அரைக்கால் அங்குலம் நீண்டுவிட்டால் அச்சங்கிலி பயன்படாது. தேய்ந்த சங்கிலி புதிய பற்களைத் தின்றுவிடும்.

பூட்டும்போது முன்பற்சக்கரமும் பின்பற்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டும். சங்கிலியின் நடுவே விரலால் அசைத்தால் அது மேலும் கீழுமாக அரை அங்குலம் அசைதல் வேண்டும். மிக இறுகிய சங்கிலி அச்சின் குண்டுகளைத் தேய்க்கும். மிகத் தளர்ந்தது மேட்டில் கழன்று வீழ்த்தும். சங்கிலியை இணைக்கும் கொக்கியின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். திறந்த முனை முன்னின்றால் எதனையேனும் பற்றிக் கழன்றுவிடும். அச்சு நகர்ந்திருப்பின் பிரேக்குக் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பில் சரியாகப் படியா, அவற்றையும் திருத்துக. முதலில் ஆளில்லாத சமநிலத்தில் மெல்ல ஓட்டிப் பார்த்து, மரைகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிய பின்னரே சுமை ஏற்றுதல் முறை.

இவ்வாறு திருத்திய வண்டியோடு உழவர் மறுநாள் அதே மேட்டை அணுகுகின்றார். மேடு தாழவில்லை, கூடையின் எடை குறையவில்லை, அவர் உடலில் புதிய வலி புகவில்லை. எனினும் இறங்காது மிதித்து ஏறுகின்றார். சமவெளியில் முன்னிலும் சற்று மெதுவாகவே செல்கின்றார். அதற்காக அவர் வருந்துவதில்லை. விரைவில் சிறிது விட்டுக்கொடுத்து, இடைவழியில் நில்லாமையைப் பெற்றுள்ளார்.

வினையைத் தொடங்குவோன் தன் வலியை அளந்தறிதல் வேண்டும் என்பதற்காகவே திருவள்ளுவர் வலியறிதல் என்னும் தனி அதிகாரத்தை வகுத்தார். மிதிவண்டியின் இரண்டு பற்சக்கரங்களும் அவ்வறிவையே நாள்தோறும் உணர்த்துகின்றன. வலி குறைந்தவன் தாழ்ந்தவன் அல்லன். தன் வலிக்கு ஒவ்வாத அளவைப் பற்றிக்கொண்டு வருந்துவதே அறியாமை. பற்களை எண்ணத் தெரிந்த ஒருவன் தன் மேட்டைத் தானே ஏறிக்கொள்வான்.

வினாக்கள்

1. பெருஞ்சக்கர வண்டியின் வேகத்திற்குக் காலின் நீளம் எல்லையானது ஏன்?
2. முன்னே 48 பற்களும் பின்னே 16 பற்களும் உள்ள வண்டியின் சக்கரச் சுற்றளவு 2.2 மீட்டர் எனின், ஒரு சுற்று மிதியில் அது செல்லும் தொலைவு யாது?
3. பின்பற்சக்கரத்தின் பற்களைக் கூட்டுவதால் உழவர் பெற்றதும் இழந்ததும் யாவை?
4. பந்தய வீரர்கள் மலையடிவாரத்தில் சக்கரத்தைத் திருப்பிப் பூட்டியது எதன்பொருட்டு?
5. நும் வீட்டு வண்டியின் பற்களை எண்ணி, அதன் விகிதத்தைக் கணக்கிட்டு எழுதுக.